கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, படித்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு போன் வந்தது. 1980களின் கடைசியில் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த பெண். பிறகு ஆசிரியையாகி, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வகுப்பு எடுத்து, இப்போது பதவி உயர்வில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை ஆகியிருக்கிறாள். வாழ்த்துச் சொன்னேன். அவள் குரலில் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"பசங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியும் சார். டீச்சருங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலியே. நேத்து ஒரு புது டீச்சர் வகுப்புக்குள்ள போய்ச் சும்மா நின்னேன். அந்தப் பொண்ணு கை நடுங்கி சாக்பீஸைக் கீழ போட்டுட்டா. நான் ஒரு வார்த்தை பேசலை சார். ஏன் அப்படி நடுங்கணும்?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. "எழுதித் தர்றேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தப் பதிவுதான் அந்தப் பதில். உங்களில் பலர் ஆசிரியர்கள், சிலர் தலைமையாசிரியர்கள், சிலர் அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் பொறுப்பானவர்கள். அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

அந்த நடுக்கம் அந்தப் பெண்ணுடையது மட்டும் அல்ல. அதற்கு நூற்றைம்பது வயது ஆகிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. இன்று நம் ஊரில் 'கோச்சிங்' என்றால் நீட் கோச்சிங் சென்டர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது வேறு. ஆசிரியருக்கே ஒரு கோச், தலைமையாசிரியருக்கே ஒரு கோச். அந்தச் சொல்லின் கதை சுவையானது. ஹங்கேரியில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே வந்தது. நாம் 'கோச்சு வண்டி' என்பதும் ரயிலில் 'எஸ் 5 கோச்' என்பதும் அந்த ஊர்ப் பெயர்தான். 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்ற ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாகக் 'கோச்' என்றார்கள். பிறகுதான் அது விளையாட்டு மைதானத்துக்குப் போனது. ஆக, கோச் என்பவர் இருக்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு நம்மை ஏற்றிச் செல்பவர். செக்போஸ்ட்டில் நின்று டிக்கெட் கேட்பவர் அல்ல. இந்த இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன்.

எழும்பூரில் ஒரு எட்டு வயது ஆசிரியர்

கதையை நம் சென்னையிலிருந்தே தொடங்கலாம். 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்காணிப்பாளரானார். குதிரையில் போகும்போது, நம்மூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கே சம்பளத்துக்கு இருந்த ஆசிரியர்கள் அது ஆகாத காரியம் என்று கைவிட்டார்கள். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். மேல்வகுப்புப் பையன் கீழ்வகுப்புக்குச் சொல்லித் தரும் இந்த முறை 1797-ல் லண்டனில் சிறு நூலாக வெளியாகி, 'மதராஸ் முறை' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் ஏற்படுத்திய பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர்.

நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை என்று இதை நாம் பெருமையாகச் சொல்வோம். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சம்பள ஆசிரியர்களால் முடியாததை அந்தப் பையனால் எப்படிச் செய்ய முடிந்தது? பெல் அவனிடம் உத்தரவை மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. தம் நேர் வழிகாட்டுதலில் அவனை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தினார். உலகமோ அந்த முறையின் மலிவை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்ற கணக்கு எல்லாருக்கும் பிடித்துப்போனது.

எழுதி வைத்த நல்ல யோசனை

அடுத்தது 1854. சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையை வரலாற்றுப் பாடத்தில் 'உட்ஸ் டெஸ்பாட்ச்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். பல்கலைக்கழகங்கள், கல்வித் துறை, மானியம் என்று மூன்று பாயின்ட் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதில் நான்காவதாக ஒன்று உண்டு, ஆசிரியர் பயிற்சி.

அப்போது இங்கிலாந்தில் 1846 முதல் ஒரு முறை நடந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஐந்து ஆண்டு பயிற்சி ஆசிரியராகப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அவர் பகலில் வகுப்பு எடுப்பார். தலைமையாசிரியர் அவருக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தலைமையாசிரியருக்குத் தனி ஊதியம் உண்டு. உட் அறிக்கை இந்த முறையை இந்தியாவுக்கும் பரிந்துரைத்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு இளைய ஆசிரியருக்குச் சொல்லித்தரும் மூத்தவருக்குச் சிறு தொகை தரலாம் என்பது வரை அதில் இருக்கிறது. இளையவரைப் பழக்குவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று அரசாங்கத் தாள் ஒன்று ஒப்புக்கொண்டதைப் பாருங்கள்.

1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று புகழ்பெற்றது அதுதான். உங்களில் இரண்டு பேர் அங்கே பி.எட். படித்திருக்கிறீர்கள்.

தலைகீழாகப் பிடித்த புத்தகம்

நல்ல தொடக்கம்தான். ஆனால் அதே காலத்தில் எதிர்த் திசையிலிருந்து ஒரு காற்று வந்தது.

1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். தேறிய பிள்ளையைக் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம். தேறாவிட்டால் வெட்டு. பயிற்சி ஆசிரியர்களுக்கும் அவர்களைப் பழக்கிய தலைமையாசிரியர்களுக்கும் தந்துவந்த தனி மானியம் நின்றது. பயிற்சிக்குச் சேர்வோர் எண்ணிக்கை சரிந்தது.

விளைவு என்ன? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் 'வாசித்தார்கள்'. அந்தக் காலத்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, கற்பித்தல் எந்திரமாகிவிட்டது என்று தம் அறிக்கைகளிலேயே எழுதினார். தம் துறையின் முறையைத் தாமே குறை சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

1860களிலேயே இந்த முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. 'ரிசல்ட் கிராண்ட்' என்று பெயர். தேர்ச்சிக்கு ஏற்ற மானியம். கிராமத்து வாத்தியாருக்கு இன்ஸ்பெக்டர் என்றால் படியளக்கவும் பறிக்கவும் கூடியவர். அப்படிப்பட்டவரிடம் "ஐயா, இந்தக் கழித்தல் கணக்கு எனக்கே சரியாகச் சொல்லிக்கொடுக்க வரவில்லை, காட்டித் தாருங்கள்" என்று எந்த வாத்தியார் கேட்பார்? தெரியாததை மறைப்பதுதான் பிழைக்கும் வழி ஆனது. 1904-ல் கர்சன் காலத்து அரசுத் தீர்மானம் அந்த முறையைத் தள்ளியது. மானிய விதி போனது. நடுக்கம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அம்மா, உன் பள்ளியில் கீழே விழுந்த அந்தச் சாக்பீஸின் வரலாறு இதுதான்.

நான் பார்த்த இரண்டு பேர்

இனி என் கதை. 1984-ல் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடமே என் வகுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் ஆய்வு அதிகாரி. மூன்று நாள் முன்பே தகவல் வந்துவிட்டது. வெள்ளையடித்தோம். பாடக் குறிப்பை மூன்று மாதத்துக்கும் சேர்த்து எழுதி முடித்தேன். அவர் வந்தார், பாடக் குறிப்பில் கையெழுத்திட்டார், ஒரு பையனை எழுப்பி வாய்ப்பாடு கேட்டார். "முன்னேற்றம் தேவை" என்று எழுதிவிட்டுப் போனார். எதில் முன்னேற்றம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மேல் கோபம் இல்லை. ஒரு நாளில் நான்கு பள்ளி பார்க்க வேண்டியவர் வேறென்ன செய்வார்?

இரண்டாவது ஆள், பக்கத்து வகுப்புத் தமிழையா. ஒரு மதியம் அவருக்கு வகுப்பு இல்லை. "தம்பி, உங்க வகுப்புல கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் பையன்களோடு உட்கார்ந்தார். நான் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். நாற்பது நிமிடமும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"தம்பி, நீங்க இன்னிக்கு நிறைய கேள்வி கேட்டீங்க. நல்ல கேள்விகள். ஆனா ஒண்ணுக்கும் பதிலுக்காக நிக்கலை. நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. என் பக்கத்துல இருந்த பையன் ரெண்டு தடவை வாயைத் திறந்தான். அதுக்குள்ள நீங்க அடுத்த ஊருக்குப் போய்ட்டீங்க. நாளைக்குக் கேட்டுட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. என் கரும்பலகை எழுத்து கோணலாக இருந்தது, அதைச் சொல்லவில்லை. நான் வேகமாகப் பேசுவேன், அதையும் சொல்லவில்லை. மறுநாள் ஐந்து எண்ணினேன். அந்த ஐந்து விநாடி ஐந்து நிமிடம்போல இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஒரு வாரம் கழித்து ஐயா மறுபடி வந்து உட்கார்ந்தார்.

பல ஆண்டு கழித்துத்தான் இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தமிழையா அந்த ஆய்வைப் படித்தவர் அல்ல. பையனின் வாயைக் கவனித்தவர்.

மறுபடி எழுதி வைத்த நல்ல யோசனை

ஐயா தன்னார்வத்தில் செய்ததை ஓர் அமைப்பாகச் செய்யலாம் என்று 1964-66 கோத்தாரி கமிஷன் சொல்லியிருந்தது. நிர்வாகமும் கற்பித்தலுக்கு வழிகாட்டுவதும் ஒரே அதிகாரியின் தலையில் இருந்தால் நிர்வாகம்தான் ஜெயிக்கும், வழிகாட்டுதல் பின்னுக்குப் போகும், ஆகவே இரண்டையும் பிரியுங்கள் என்றது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரு கொத்தாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவ வையுங்கள் என்றது. 'பள்ளி வளாகம்' என்ற அந்தக் கருத்தை நாங்கள் பி.எட். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். வேலைக்கு வந்த பிறகு வளாகக் கூட்டம் என்று போவோம். சுற்றறிக்கை வாசிப்பார்கள், டீ தருவார்கள், கையெழுத்துப் போட்டுத் திரும்புவோம்.

1980-ல் அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பயிற்சி மண்டபத்தில் நன்றாகவே கற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள், பள்ளிக்குத் திரும்பியதும் பழையபடியே நடத்துகிறார்கள். புதிய முறையை முதல்முதலில் செய்யும்போது தடுமாறும், வகுப்பு கலையும், அப்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் யாரும் பழைய வழிக்கே போய்விடுவார்கள். ஆகவே விளக்கம், செய்து காட்டல், பயிற்சி எல்லாவற்றுக்கும் பிறகு வகுப்பறைக்குள்ளேயே தொடர்ந்து உதவ ஒருவர் வேண்டும் என்றார்கள். 'கோச்சிங்' என்ற சொல் ஆசிரியர் உலகுக்குள் வந்தது இவர்களால்தான்.

நம் பக்கம், 1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் தருமபுரி, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில். வட்டார வள மையம், குறுவள மையம் என்று ஏற்பட்டன. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. 'ஆசிரியர் பயிற்றுநர்' என்று ஒரு பதவி. அதிகாரி அல்ல, ஆசிரியரோடு உட்காரும் ஆசிரியர். கோத்தாரி கேட்ட மனிதர் இவர்தான்.

அந்தப் பதவியில் நானும் ஐந்து ஆண்டு இருந்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் எழுதிய மூன்று வரி

ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலியில், கிராமத்துப் பள்ளிகளுக்காக ஏணிப்படியும் அட்டைகளும் கொண்ட ஒரு கற்றல் முறையை உருவாக்கியிருந்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பிறகு மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது போனது. செயல்வழிக் கற்றல். ஏ.பி.எல். என்றால் பலருக்கு நினைவு வரும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். தரையோரம் தாழ்நிலைக் கரும்பலகை. தலைக்கு மேலே பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணி ஏறும்.

13 பள்ளியாக இருந்தபோது அருகிலேயே நின்று காட்டித்தர முடிந்தது. மாநிலம் முழுக்க ஆனபோது என்னைப் போன்றவர்கள் கையில் ஒரு படிவம் வந்தது. பந்தல் உண்டா, இல்லையா. அட்டைகள் வரிசையில் உள்ளனவா, இல்லையா. டிக் போட வேண்டும், மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

2008-ல் மலையடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ள டீச்சர். நான் போன நாளில் அட்டைகள் கலைந்து கிடந்தன, பந்தல் வெறுமையாக இருந்தது. பார்வைக் குறிப்பில் மூன்று வரி எழுதினேன். "பந்தலில் மாணவர் படைப்புகள் இல்லை. அட்டைகள் வரிசைப்படுத்தப்படவில்லை. ஏணிப்படி குறித்த தெளிவு இல்லை." எழுதியது அத்தனையும் உண்மை. படிவம் மேலே போனது. விளக்கம் கேட்டு டீச்சருக்கு மெமோ வந்தது.

அடுத்த மாதம் போனேன். பந்தல் நிறையப் படைப்புகள். அட்டைகள் ராணுவ வரிசை. டீச்சர் எழுந்து நின்று "வாங்க சார்" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயர் போட்டுத் தொங்கிய தாளைக் காட்டி, "இதைப் படிம்மா" என்றேன். அவள் தாளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தாளில் இருந்தது டீச்சரின் கையெழுத்து.

தலைகீழாகப் பிடித்த புத்தகம் என்று மேலே எழுதினேனே, அதைக் கொண்டுவந்தவன் இந்த முறை நான்தான்.

அன்று படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். "டீச்சர், இன்னிக்கு நான் எடுக்கிறேன். நீங்க பாருங்க" என்றேன். நான்கு வகுப்புப் பிள்ளைகள், ஆறு குழு. அரை மணி நேரத்தில் அட்டைகள் அறை முழுக்கப் பரவின. ஒரு பையன் அழுதான். ஐந்து பேர் நோட்டை நீட்டிக்கொண்டு என் முதுகில் ஏறினார்கள். டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார். "இப்பத் தெரியுதா சார்?"

தெரிந்தது. மதிய உணவுக்குப் பிறகு இருவரும் பாயில் உட்கார்ந்து பேசினோம். அவருடைய சிக்கல் ஏணிப்படியில் இல்லை. ஆசிரியர் முழுதாக உதவ வேண்டிய குழுவும், முடித்துவிட்டுத் திருத்த வரும் குழுவும் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்து இழுத்தன. உட்காரும் இடத்தை மாற்றினோம். அட்டை எடுத்துத் தர நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியை வைத்தோம். "சட்டாம்பிள்ளை வைக்கலாமா சார், படிவத்துல இல்லையே?" என்று டீச்சர் கேட்டார். "பெல் துரை வச்சார், நாமும் வைப்போம்" என்றேன். அந்த வருடம் மாதம் ஒருநாள் முழுசாக அங்கே போனேன். மார்ச்சில் அந்தச் சிறுமி தானே எழுதிய நான்கு வரியைப் பந்தலில் கட்டினாள். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. டீச்சரும் திருத்தவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பொறுப்பில் பதினெட்டுப் பள்ளிகள். இப்படி உட்கார முடிந்தது மூன்றில்தான். மற்ற பதினைந்துக்குப் படிவம்தான் போனது. அந்த டீச்சரின் கோப்பிலிருந்து மெமோவை எடுக்கவும் என்னால் முடியவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது உலகம் சொல்வது

நம் அனுபவத்தை நாமே பெரிதாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வெளியிலும் தேடிப் படித்தேன்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015 முதல் ஓர் ஒப்பீடு நடந்தது. தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள். ஒரு பகுதிப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு நாள் மண்டபப் பயிற்சி. இன்னொரு பகுதிக்கு அதே பாடத்திட்டம், அதே புத்தகங்கள், ஆனால் மண்டபப் பயிற்சிக்குப் பதில் மாதந்தோறும் வகுப்பறைக்கே வரும் கோச். இரண்டு ஆண்டு முடிவில், கோச் வந்த பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

2018-ல் மேத்யூ கிராஃப்ட் முதலிய மூவர் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், கோச்சிங்கால் கற்பித்தலும் பிள்ளைகளின் தேர்ச்சியும் உயர்வது தெரிந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் குறைகிறது. என் பதினெட்டில் மூன்று நினைவுக்கு வந்தது.

நான் மிகவும் ரசித்தது, அதே ஜாய்ஸும் ஷவர்ஸும் 1996-ல் எழுதியது. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அவர்கள் முன்பு சொல்லியிருந்தார்கள். அந்தக் கருத்துச் சொல்லல் மெல்ல மெல்லக் குறை சொல்லலாக மாறிவிடுகிறது என்று கண்டு, அதையே விட்டுவிட்டார்கள். இனி வகுப்பு எடுப்பவர்தான் கோச், உட்கார்ந்து பார்ப்பவர்தான் கற்றுக்கொள்பவர் என்று தலைகீழாக்கினார்கள். அந்த ஈராசிரியர் பள்ளியில் நான் தோற்ற நாள்தான் உதவியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மருத்துவத்திலும் இதே கதை உண்டு. அதுல் கவாண்டே என்ற இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர், நல்ல அனுபவம் வந்தபிறகு, தம் பழைய ஆசிரியரை அறுவை அரங்கில் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். பிசகில்லாமல் முடித்துவிட்டோம் என்று நினைத்தவரிடம், விளக்கின் ஒளி காயத்தை விட்டு விலகிப்போனதையும், உங்கள் முழங்கை தோள் அளவுக்கு உயர்கிறது என்பதையும் அவர் சொன்னார். 2011-ல் அவரே எழுதியது இது. கையில் கத்தி பிடிப்பவருக்கே தன் முழங்கை தெரியவில்லை. சாக்பீஸ் பிடிப்பவருக்கு எப்படித் தெரியும்?

தலைமையாசிரியருக்கு யார்?

2012-ல் நான் தலைமையாசிரியர் ஆனபோது எனக்கும் இந்தப் பெண்ணின் நிலைமைதான். முதல் மாதம் வகுப்பு வகுப்பாகச் சுற்றினேன். நான் வாசலில் நின்றாலே பாடம் நின்றது. விலையில்லா மிதிவண்டிக் கணக்கு, உதவித்தொகைப் பட்டியல், கட்டடப் பழுது என்று மீதிப் பொழுது போனது. தலைமையாசிரியர் பயிற்சி என்று அழைத்தார்கள். பெரும்பாலும் பதிவேடுகள் பற்றித்தான் பேசினார்கள்.

ஒரு ஞாயிறு தமிழையாவைப் பார்க்கப் போனேன். எண்பது வயது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, நீங்க இப்ப வகுப்பு எடுக்கிறீங்களா?"

"வாரத்துக்கு நாலு பீரியட், ஐயா."

"அதை யாராவது வந்து பார்க்கிறாங்களா?"

இல்லை. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். "புதன்கிழமை மூணாவது பீரியட் எட்டாம் வகுப்பு அறிவியல். யாருக்கு ஓய்வு நேரமோ வாங்க. பையன்கள் எங்க தூங்கறாங்கன்னு எனக்குச் சொல்லுங்க." முதல் வாரம் யாரும் வரவில்லை. மூன்றாம் வாரம் கணக்கு டீச்சர் வந்தார். "சார், நீங்க இடதுபக்கப் பொண்ணுங்களைக் கேக்கவே இல்லை" என்றார். நன்றி சொன்னேன். அடுத்த மாதம் அவரே, "என் வகுப்புக்கும் வாங்க சார்" என்றார். பள்ளி முழுதும் மாறிவிடவில்லை. ஓய்வு பெறும்வரை தம் வகுப்புக்கு யாரையும் விடாதவர் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நான் உள்ளே போனால் சாக்பீஸ் விழவில்லை.

மாதம் ஒருமுறை ஐயாவிடம் போவதை அவர் இருந்தவரை விடவில்லை. அவர்தான் என் கோச். பட்டம் இல்லை, படிவம் இல்லை. கேட்பார், யோசிக்க வைப்பார், அடுத்த மாதம் மறக்காமல், "அது என்னாச்சு?" என்பார்.

ஆக, அம்மா, உனக்கு என் பதில் இதுதான். முதலில் உன் வகுப்பின் கதவைத் திறந்து வை. உள்ளே போகும்போது கையில் பதிவேடு வேண்டாம், அதற்கென்று வேறு நாள் வைத்துக்கொள். கேட்டுவிட்டுப் போ. டீச்சரைப் பார்க்காதே, பிள்ளைகளைப் பார். ஒன்றே ஒன்று சொல், அதையும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடியதாகச் சொல். அடுத்த வாரம் மறுபடி போ. உனக்கென்று ஒரு மூத்தவரைத் தேடி வைத்துக்கொள். யாரும் கிடைக்காவிட்டால் இந்தக் கிழவன் இருக்கிறேன். பஸ் ஏறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார எனக்கு இன்னும் முடிகிறது.

அந்தப் புது டீச்சரிடம் போய், "நேத்து நான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன். நாளைக்கு நீ என் வகுப்புக்கு வா" என்று சொல். அவள் கட்டாயம் வருவாள்.

மற்றவர்களும் உங்கள் வாழ்க்கையில் அப்படிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் யார் என்று எழுதுங்கள். ஒருவர் விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்